மழை பார்த்து நாள் குறிக்கும் பயணம்

ஆப்பிரிக்க சஃபாரிக்குத் திட்டமிடும்போது முதல் வேலை நாள் குறிப்பது. விமானச் சீட்டு, விடுதி, வண்டி எல்லாம் அதற்குப் பின்னால்தான். அந்த நாளைத் தீர்மானிப்பது மழை. விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரிச் சம்சாரிக்கு இது புதுப் பாடமல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையைக் கணக்குப் பண்ணித்தான் அங்கே விதைப்பு நடக்கிறது.

சஃபாரி என்பது சுவாஹிலி மொழிச் சொல். பயணம் என்று பொருள். முதல்முறை போகிறவர்களில் பலர் தேர்ந்தெடுப்பது கென்யாவை அல்லது தான்சானியாவை. கென்யாவின் மாசாய் மாரா காப்பகம் சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். எல்லைக்குத் தெற்கே, தான்சானியாவின் செரங்கெட்டி தேசியப் பூங்கா 14,763 சதுர கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவே வேலி கிடையாது. மாட்டு முகமும் தாடியும் கொண்ட வில்டபீஸ்ட் மான்கள் பத்து லட்சத்துக்கு மேல் இந்தப் புல்வெளியில் மழையைத் தேடி ஆண்டு முழுவதும் சுற்றி வருகின்றன.

கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆண்டுக்கு இரண்டு மழை. மார்ச் முதல் மே வரை பெய்யும் பெருமழைக்கு சுவாஹிலியில் மசிகா என்று பெயர். நவம்பர், டிசம்பர் வாக்கில் வரும் சிறுமழைக்கு வூலி. ஜூன் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். விலங்கு பார்க்க அதுதான் ஏற்ற காலம். புல் காய்ந்து குட்டையாகிவிடுவதால் விலங்குகளுக்கு மறைவு குறைகிறது. தண்ணீர் வற்ற வற்ற, மிச்சமிருக்கும் நீருக்கு எல்லாமே வந்தாக வேண்டும். சித்திரை வெயிலில் கண்மாயின் நடுப்பள்ளத்தில் மட்டும் தண்ணீர் கிடக்கும்போது, ஊர் ஆடுமாடும் கொக்கும் அங்கேயே கூடுவதில்லையா, அதே கதைதான்.

மழைக்காலத்தைத் தவிர்க்க மண்ணும் ஒரு காரணம். மாராவின் பல பகுதிகளில் கிடப்பது கரிசல். திருச்சுழிப் பக்கம் மழைநாளில் வண்டிப்பாதையில் இறங்கிய சைக்கிளுக்கு என்ன ஆகும் என்பது தெரிந்ததே. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மண் அடைத்து, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். குச்சியால் சுரண்டிச் சுரண்டித்தான் நகர்த்த வேண்டும். அந்த மாதிரி மண்ணில் நான்கு சக்கரமும் இழுக்கும் லேண்ட் குரூசர்கூடப் புதைந்து நிற்கும்.

பள்ளி விடுமுறையை இந்த மழைக்கணக்கோடு பொருத்திப் பார்க்க வேண்டும். குடும்பங்கள் வெளியூர் கிளம்பும் ஏப்ரல், மே மாதங்கள் அங்கே பெருமழைக் காலம். விடுதி வாடகை குறையும், பாதை மோசமாக இருக்கும். செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை நாள் குறைவானது என்றாலும் பருவத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஜூலை முதல் அக்டோபர் வரை வில்டபீஸ்ட் கூட்டம் மாரா ஆற்றைக் கடக்கும். கரையில் மணிக்கணக்கில் தயங்கி நிற்கும் கூட்டம், ஒன்று இறங்கியதும் மொத்தமாகப் பாயும். தண்ணீரில் முதலைகள் காத்திருக்கும். ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை போகிறவர்கள் செரங்கெட்டியின் தென்பகுதியில் வில்டபீஸ்ட் கன்று ஈனுவதைப் பார்க்கலாம்.

நாள் முடிவானால் செலவைக் கணக்கிடலாம். மாசாய் மாராவில் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நுழைவுக் கட்டணம், 2024-இல் வந்த விகிதப்படி, ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். நான்கு பெரியவர்கள் ஆகஸ்டில் மூன்று நாள் தங்கினால் கட்டணமே 2,400 டாலர். வண்டி வாடகை ஆளுக்கு இவ்வளவு என்றில்லாமல் வண்டிக்கு இவ்வளவு என்று பேசப்படுவதால், ஐந்தாறு பேர் சேர்ந்தால் பங்கு குறையும். பயண நிறுவனத்திடம் தொகுப்பாக வாங்கும்போது, நுழைவுக் கட்டணம், சாப்பாடு, ஓட்டுநர், குடிநீர் எல்லாம் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. ஜூலை முதல் அக்டோபர் வரையிலான பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலாவது பதிவு செய்துவிட வேண்டும்.

அடுத்தது காகித வேலை. விருதுநகர் மாவட்டத்துக்கு பாஸ்போர்ட் அலுவலகம் மதுரை. பாஸ்போர்ட் கையில் இருந்தாலும், அது இன்னும் ஆறு மாதத்துக்குமேல் செல்லுமா, வெற்றுப் பக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கென்யா 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக இணையவழிப் பயண அனுமதி தருகிறது. தான்சானியாவுக்கு இணையவழி விசா உண்டு.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி நேரத்துக்குத் தள்ளக்கூடாது. அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே அதைப் போடுவார்கள். சென்னை கிண்டி கிங் நிலையம் அவற்றில் ஒன்று. ஊசி போட்ட பத்து நாளுக்குப் பிறகே சான்றிதழ் செல்லும். பிறகு ஆயுளுக்கும் போதும். சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால், இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. மலேரியாவுக்குத் தடுப்பு மாத்திரையை மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

மூட்டை கட்டும்போது பலர் வெயிலை மட்டும் நினைக்கிறார்கள். கென்யத் தலைநகர் நைரோபியே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். ஜூலை விடியலில் கூரை திறந்த வண்டியில் ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாது. கறுப்பும் கருநீலமும் செட்சி என்னும் கடிக்கும் ஈயை இழுப்பதால், காக்கி, சாம்பல் நிறத் துணி நல்லது. சிறு விமானத்தில் உள்ளூர்ப் பயணம் இருந்தால் ஆளுக்குப் பெரும்பாலும் 15 கிலோதான், அதுவும் துணிப்பையில். பாலித்தீன் பைகளுக்குக் கென்யாவில் 2017 முதல் தடை. சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் சிரமமில்லை. சப்பாத்தியும் சாயாவும் அங்கே அன்றாட உணவு.

விட்டுவிடக் கூடாத பொருள் பைனாகுலர். எட்டு மடங்கு பெரிதாக்கும் 8x42 வகை போதும். வாங்கியதும் ஊரிலேயே பழகலாம். சவானாப் படங்களில் தெரியும் தட்டைத்தலை மரத்துக்கு நெருங்கிய சொந்தம், தென்மாவட்டக் காடுகளில் நிற்கும் குடைவேல். மார்கழியில் கண்மாய்க்கரையில் நின்று, தூரத்துக் குடைவேல நிழலில் கிடப்பது கல்லா ஆடா என்று பிரித்தறியக் கண் பழகிவிட்டால், அங்கே அதே மாதிரி நிழலில் படுத்திருக்கும் சிறுத்தையை ஓட்டுநர் காட்டும் முன்பே பார்த்துவிடலாம்.