கட்டணம் வேறு, நன்கொடை வேறு

(நமது சங்கத்தின் மீஞ்சூர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன சந்திப்புக்கு வெளிநாட்டு நண்பர்களிடம் பதிவுக் கட்டணம் வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. "இன்ஜினியர்தானே, இணையத்துல ஒரு பக்கம் போடேன்" என்றார்கள். போட்டேன். அன்றிரவே சிங்கப்பூரிலிருந்து போன். "கார்டு போகலடா!" நம்ம ஊர் கார்டுக்குத் திறந்த கணக்கு வெளிநாட்டுக் கார்டைத் தானாக ஏற்காது, தனியே விண்ணப்பிக்க வேண்டும். சங்கப் பதிவுச் சான்று, பான் அட்டை, பணம் எதற்காக வருகிறது என்ற விவரம் எல்லாம் கொடுத்து 3 வாரம் காத்திருந்தோம். கழிவும் கூடுதல்.

வளைகுடா நண்பர்களுக்குச் சுலப வழி உண்டு. அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் உள்ளிட்ட 10 நாடுகளின் செல்போன் எண்ணோடு என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கை இணைத்து யு.பி.ஐ.யில் செலுத்த 2023-ல் அனுமதி வந்தது. அவர்கள் வங்கி அந்த வசதியைத் தந்தால் போதும்.

நான் செய்த தப்பு வேறு. அதே பக்கத்தில், பழவேற்காட்டு மீனவக் குடும்பத்து மாணவி ஒருத்தியின் விடுதிக் கட்டணத்துக்கென்று நன்கொடைக் கட்டமும் வைத்துவிட்டேன். என் வகுப்புத் தோழன், அவனும் ஏரிக்கரைப் பிள்ளைதான், இப்போது அமெரிக்கக் குடிமகன், முழுத்தொகையையும் ஒரே தட்டில் கட்டிவிட்டான். எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். எங்கள் ஆடிட்டர் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் எந்த நாட்டில் சம்பாதித்தாலும் அவர் சேமிப்பிலிருந்து தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், வெளிநாட்டார்தான். அவரிடம் நன்கொடை வாங்க, சங்கத்துக்கு அந்தச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வரும் பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதான கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். நமக்குப் பதிவும் இல்லை, கணக்கும் இல்லை. ஆனால் நிகழ்ச்சிச் செலவுக்கே பயன்படும் பங்கேற்புக் கட்டணம் நன்கொடையில் சேராது. மிச்சப் பணத்தை உதவித்தொகைப் பக்கம் தள்ளிவிடலாம் என்று மட்டும் யாரும் நினைக்கக் கூடாது!

கட்டணத்தை வைத்துக்கொண்டு நன்கொடையைத் திருப்பினோம். கழிவாகப் போனது போனதுதான். அதைவிட, போனில் அவன், "அப்போ நான் வெளியாளாடா?" என்று கேட்டதுக்குச் சட்டப் பிரிவைத்தான் என்னால் சொல்ல முடிந்தது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. உள்ளூரில் இருந்த 11 பேர் பங்கு போட்டுக் கெடு நாளுக்கு முன் விடுதிப் பணத்தைக் கட்டினோம். அந்தப் பெண் இப்போது மூன்றாமாண்டு.

இந்த ஆண்டுப் பக்கத்தில் கட்டணம் மட்டுமே இருக்கும். நன்கொடைக்குத் தனிப் படிவம்; முதல் கேள்வியே எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதுதான். யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் முதல் ஆளாகப் பதிவு செய்துவிட்டான். குறிப்பில், "கட்டணம் மட்டும், வெளியாள்" என்று எழுதியிருக்கிறான்.