உயிர்த்தெழுதல் என்னும் சொல்



அலுவலின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பலர்க்குக் கிறிஸ்தவத் திருநாள்களுள் நன்கு தெரிந்தவை இரண்டு. ஒன்று கிறிஸ்துமஸ், மற்றொன்று புனித வெள்ளி. அவ்விரு நாள்களிலும் மத்திய அரசின் அலுவலகங்கள் மூடியிருக்கும் அன்றோ! ஈஸ்டர் எப்போதும் ஞாயிற்றுக்கிழமையிலேயே வருவதால், விடுமுறைப் பட்டியலை ஆவலோடு பார்ப்போர் கண்ணில் அஃது அவ்வளவாகப் படுவதில்லை. ஆயின் ஒரு கத்தோலிக்க அன்பரைக் கேட்டுப் பாருங்கள். ஆண்டின் தலையாய திருநாள் ஈஸ்டரே, கிறிஸ்துமஸும் அதற்கு அடுத்தபடியே என்பார்.

அந்நாள் ஆண்டுதோறும் மாறுவதேன் எனச் சிலர் கேட்பதுண்டு. திருச்சபையினர் யாவரும் ஒரே ஞாயிற்றில் இதனைக் கொண்டாட வேண்டும் என 325-ஆம் ஆண்டில் நிசேயாவில் கூடிய சங்கம் முடிவு செய்தது. மார்ச்சு 21-ஐப் பகலும் இரவும் சமமான நாளாகக் கொண்டு, அன்றோ அதன் பின்னரோ வரும் முதற் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு என்பது நாளடைவில் நிலைபெற்ற விதி. 2024-இல் மார்ச்சு 31, 2025-இல் ஏப்ரல் 20 என அது நகர்ந்தது. திதி பார்த்து நாள் குறிக்கும் நமக்கு இது விளங்காத முறையன்று.

இனி, அந்நாளின் பொருளுக்கு வருவோம். நாம் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்; ஆதலின் சொல்லிலிருந்தே தொடங்குகிறோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'அனாஸ்தாசிஸ்'. எழுந்து நிற்றல் என்பது அதன் நேர்பொருள். பழைய கத்தோலிக்கத் தமிழில் இதற்கு 'உத்தானம்' என்னும் வடசொல் வழங்கியது. அதற்கும் எழுதல் என்றே பொருள். பின்னர் 'உயிர்த்தெழுதல்' வந்தது. இன்று 'உயிர்ப்பு' என்று சுருக்கியும் சொல்கிறார்கள். சுருக்கம் நல்லதே, எனினும் நம் செவிக்கு உயிர்த்தெழுதலே நிறைவாக ஒலிக்கிறது. கிடந்த உடல் எழுந்தது என்பதன்றோ செய்தி? எழுதலை விட்டுவிட்டால் அதில் பாதி போய்விடுகிறது.

உடலைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஆன்மா அழிவதில்லை என்பது நம் நாட்டில் பழகிய கருத்து. கத்தோலிக்கரும் அதனை ஏற்பர். ஆயின் ஈஸ்டர் கூறுவது அதனையன்று. மறுபிறவியையும் அது கூறவில்லை. வேறோர் உடலில் வேறொருவராகப் பிறத்தல் வேறு, அதே ஒருவர் எழுதல் வேறு. இறந்தவர் பழைய வாழ்வுக்குத் திரும்புவதும் அன்று. இயேசுவால் எழுப்பப்பட்ட லாசரு பின்னர் மீண்டும் இறந்தே தீர வேண்டியவர். இயேசுவோ சாவு இனித் தீண்டமுடியாத வாழ்வுக்கு எழுந்தார் என்பதே திருச்சபையின் போதனை.

நற்செய்தி நூல்கள் நான்கும் இதனைச் சொல்லும் விதம் வியப்புக்குரியது. எழுந்த அந்தக் கணத்தை ஒன்றுகூட வருணிக்கவில்லை. திறந்த கல்லறையும், கிடந்த துணிகளும், அஞ்சி நிற்கும் பெண்களுமே நாம் காண்பவை. மகதலா மரியாள் எதிரில் நின்றவரைத் தோட்டக்காரர் என்றே எண்ணினார். பெயர் சொல்லி அழைக்கப்பட்ட பின்னரே அறிந்துகொண்டார். திருத்தூதர்களுக்கு முதலில் செய்தி கொண்டுபோனவர் அவரே. 2016-இல் போப்பாண்டவர் பிரான்சிஸ் ஜூலை 22-இல் வரும் அவரது நினைவுநாளைத் திருத்தூதர்களின் விழாக்களுக்கு ஒப்பாக உயர்த்தினார். அந்த மதிப்பு அவருக்குக் காலம் கடந்தே கிடைத்தது என்போம்.

எழுந்தவர் பூட்டிய அறைக்குள் வந்து நிற்கிறார். எனவே பழைய நிலையில் இல்லை. சீடர் முன் மீன் உண்கிறார், எனவே ஆவியுமன்று. ஐயுற்ற தோமையாருக்குக் காயங்களைக் காட்டுகிறார். மயிலையிலும் பரங்கிமலையிலும் தமிழர் நினைவுகூர்ந்துவரும் தோமையார் இவரே. அக்காயங்கள் மறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பட்ட துன்பம் பொய்யென்று துடைக்கப்படவில்லை. அந்த உடலே, அந்தத் தழும்புகளோடு எழுந்தது. கிறிஸ்து எழவில்லையென்றால் தாம் போதித்த யாவும் வெறுஞ்சொல் ஆகிவிடும் என்று கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய பவுல் இதனையே முதலாக வைத்தார். புதைக்கும் விதைக்கும் முளைக்கும் பயிருக்கும் உள்ள உறவையே உவமையாகவும் காட்டினார்.

இதனைக் கண்ணால் காண விரும்புவோர் பெரிய சனி இரவில் அண்மையிலுள்ள ஆலயத்துக்குச் செல்லலாம். விளக்குகள் அணைந்திருக்கும், வெளியே புதுநெருப்பு மூட்டிப் பாஸ்காத் திரியை ஏற்றுவர். அத்திரியில் ஐந்து காயங்களுக்கு அடையாளமாக ஐந்து சாம்பிராணி மணிகளும், அவ்வாண்டின் எண்ணும், கிரேக்க நெடுங்கணக்கின் முதலெழுத்தும் கடையெழுத்தும் இருக்கும். தமிழ்த் திருவிவிலியம் அவ்விரண்டையும் 'அகரமும் னகரமும்' எனப் பெயர்த்திருப்பது நம் போன்றோர் பொறாமைப்படத்தக்க மொழிபெயர்ப்பு! நெடுங்காலம் இவ்வழிபாடு சனிக்கிழமைக் காலை வெயிலிலேயே நடந்துவந்தது. பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-இல் சோதனையாக அதனை இரவுக்கு மாற்ற இசைந்தார். 1956 முதல் அது பொதுவிதியாயிற்று.

ஊரைவிட்டு வந்தவரை இப்போதனை தொடுமிடம் ஒன்று உண்டு. நம்மவர் ஒருவர் இங்கே இறந்தால் உடலை என் செய்வது என்பதே அது. உடல் எழும் என்று நம்புவோர் அதனை மரியாதையோடு அடக்கம் செய்வதையே விரும்புவர். தகனத்தை நெடுநாள் விலக்கிவைத்திருந்த திருச்சபை 1963-இல் அதற்கு இசைவளித்தது. உயிர்த்தெழுதலை மறுக்கும் நோக்கத்தோடு செய்தலாகாது என்பதே நிபந்தனை. எரிந்த உடலையும் எழுப்ப இறைவனால் இயலும் என்பதில் திருச்சபைக்கு ஐயமில்லை. 2016-இல் வெளியான அறிவுரை, அடக்கமே சிறந்தது என்றும், சாம்பலைக் காற்றிலோ நீரிலோ தூவாமல் புனிதமான ஓரிடத்தில் வைக்கவேண்டும் என்றும் கூறுகிறது. மும்பை போன்ற நெருக்கடியான நகரங்களில் ஒரு குழி சில ஆண்டுகளுக்குப் பின் வேறொருவர்க்கும் பயன்படுகிறது; முன்னவரின் எலும்புகளை எடுத்துச் சுவர் மாடத்தில் வைத்து, முகப்பில் பெயரைப் பொறித்து மூடுகிறார்கள். ஈஸ்டர் நாளில் அந்த மாடங்களுக்கும் பூச்சரம் சாத்துவோர் உண்டு.