ஆட்டம் முடியட்டும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிறோம். பிள்ளை போனில் ஆன்லைன் விளையாட்டில் இருக்கிறான். கோபத்தில் வைஃபையை அணைத்துவிடுகிறோம். அவன் கத்துகிறான். ஏன் இவ்வளவு கோபம்?

2020 ஆகஸ்ட் 30 அன்று ஆன்லைன் செஸ் ஒலிம்பியாட் இறுதிப் போட்டி. இந்தியாவும் ரஷ்யாவும் மோதின. நம் ஆனந்தும் அணியில் இருந்தார். முதல் சுற்று சமன். இரண்டாவது சுற்றில் இணையம் துண்டித்துப்போய், நிகால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் நேரம் தீர்ந்து தோற்றார்கள். கடைசியில் இரு அணிகளுக்குமே தங்கம் என்று ஃபிடே அறிவித்தது. இணையக் கோளாறால் வந்த தோல்வி தோல்வியாகாது என்பதே இதன் பொருள்.

பிள்ளைகளுக்கும் அதே நியாயம்தான். சமபலமுள்ள எதிராளி, ஏமாற்று இல்லாத ஆட்டம், தோற்றாலும் தன் ஆட்டத்தால் தோற்றோம் என்ற தெளிவு: இவை இருந்தால் தோல்விகூட மனநிறைவு தரும். வைஃபையை அணைத்தால் அந்தத் தெளிவு போய்விடுகிறது. கூட ஆடும் நண்பர்களும் தவித்துப்போகிறார்கள்.

பிஜிஎம்ஐ-யில் ஒரு முழு ஆட்டம் ஏறத்தாழ அரை மணி நேரம். நடுவில் நிறுத்திவைக்க முடியாது. அதனால் நிமிடக் கணக்கு வேண்டாம், ஆட்டக் கணக்கு வைப்போம். "இன்றைக்கு இரண்டு ஆட்டம்" என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பிள்ளைகளே, இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் போனைக் கீழே வைப்பது உங்கள் பொறுப்பு.