எழுந்ததும் வரும் தலைசுற்றல்



தேயிலைச் சரிவில் குனிந்து நிமிர்ந்ததும் கண் இருட்டி, நெஞ்சு படபடக்கிறதா? அதைச் சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். நாம் எழும்போது அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் கீழே இறங்குகிறது. தானாக இயங்கும் நரம்புகள் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அதை ஈடுகட்ட வேண்டும். நீரிழிவு முதலியவற்றால் அந்நரம்புகள் தளர்ந்தால் மயக்கம் வரும்.

கம்போங் ராஜா கிளினிக்கில் படுத்தும் நின்றும் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 குறைந்தால், அது கவனிக்க வேண்டிய நோய். ஃபுளூட்ரோகார்டிசோன் உப்பையும் நீரையும் உடலில் நிறுத்தும். மிடோட்ரின் குழாய்களைச் சுருக்கும். இவற்றை மருத்துவர் தந்தால் மட்டுமே உண்ணலாம். இரும்பு மாத்திரை இரத்தசோகைக்கே உதவும். கொதிப்பு மாத்திரையால் தலைசுற்றினாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

விடியலில் சட்டென எழாமல், சற்று உட்கார்ந்து, கால்களை அசைத்து எழுங்கள். மலைக்குளிரில் தாகம் தெரியாது. ஆயினும் தண்ணீர் குடியுங்கள். மயக்கம் வரும்போலிருந்தால் படுத்துக் கால்களை உயர்த்துங்கள். கஞ்சியில் கூடுதல் உப்பு சிலருக்கு மருந்து. இரத்தக் கொதிப்போ சிறுநீரக நோயோ உள்ளவருக்குக் கேடு. மருத்துவரைக் கேட்டே சேருங்கள். நெஞ்சுவலியுடன் மயங்கினால் உடனே தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மயங்கி விழுபவரைத் திட்டாதீர்கள். அழைத்துச் சென்று அளந்து பாருங்கள்.