காயமுற்ற படைவீரரும் நம் தோட்டமும்



நம் லயங்களில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள் சிலர் படையில் சேர்ந்து நாட்டைக் காத்திருக்கின்றனர். அவர்கள் பச்சைச் சீருடையில் விடுமுறைக்கு வரும்போது தோட்டமே பெருமை கொள்கின்றது. ஆனால் அவர்களுள் ஒருவர் காலையோ கையையோ இழந்து, சீருடையைக் களைந்துவிட்டுத் திரும்பி வரும்போது நாம் என்ன செய்கின்றோம்? இதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகின்றோம்.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தை நம் பெரியவர்கள் நன்கறிவார்கள். 1968இல் மீண்டும் தொடங்கிய கம்யூனிஸ்டுக் கிளர்ச்சி, 1989ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் ஹாட்யாய் உடன்படிக்கை கையெழுத்தான பின்னரே ஓய்ந்தது. எல்லைக் காடுகளில் புதைத்து வைக்கப்பட்ட கண்ணிவெடிகளை மிதித்துக் காலை இழந்த வீரர்கள் பலர். அந்தப் போராட்டம் முடிந்துவிட்டது. ஆயினும் பயிற்சிக் களத்திலும் வாகன விபத்துகளிலும் காயமுறுவோர் இன்றும் உள்ளனர்.

காயமுற்றவர் வீடு திரும்பிய முதல் மாதம் வாசலில் கூட்டம் நிறைந்திருக்கும். ஒருவர் மைலோ டின் கொண்டு வருவார். மற்றொருவர் பழம் கொண்டு வருவார். மூன்றாம் மாதத்தில் எவரும் வரமாட்டார். வீட்டிலோ, "நீ உட்கார் தம்பி, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். அன்பினால் சொல்லப்படுவதுதான். ஆனால் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவரை ஐந்தடியில் முடக்கிப்போடுவதும் அந்தச் சொல்லே. காயம் ஆறிய பின்னும் அவர் வெளியே வராதிருப்பதற்கு அவரது கால் மட்டும் காரணமன்று.

இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944ஆம் ஆண்டில் மருத்துவர் லுட்விக் குட்மன், முதுகெலும்பு முறிந்த போர்வீரர்களுக்கெனத் தனிப் பிரிவொன்றை நடத்தத் தொடங்கினார். அத்தகையோர் படுக்கையிலேயே மாள்வார்கள் என்று மருத்துவ உலகம் எண்ணியிருந்த காலம் அது. அவரோ படுக்கைப் புண்ணைத் தடுத்தார். அவர்களைச் சக்கர நாற்காலியில் அமர்த்தினார். தச்சு வேலைக்கும் கடிகாரம் பழுதுபார்ப்பதற்கும் பழக்கினார். 1948இல் அவர்களுள் பதினாறு பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். அதுவே பின்னாளில் பாராலிம்பிக் போட்டியாக வளர்ந்தது. விளையாட்டைப் பற்றிப் பலர் அறிவார்கள். பட்டறையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நமக்குப் பட்டறையே முக்கியமாகத் தோன்றுகின்றது.

சரி, நம் தோட்டத்திற்கு வருவோம். முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர் செயற்கைக் கால் பூட்டிக்கொண்டு நன்றாக நடக்கலாம். ஆனால் விடியுமுன் ஈரமான மலைச் சரிவில் வாளியோடு ஏறி இறங்கிப் பால் வெட்டுவது அவருக்குக் கடினம். சமதரையில், நின்றும் உட்கார்ந்தும் செய்யும் வேலை பொருந்தும். ஒன்றை மட்டும் நாம் அறிந்திருக்க வேண்டும். முதற் சில மாதங்களில் வீக்கம் வற்றி, எஞ்சிய கால் சிறுத்துக்கொண்டே வரும். நேற்றுப் பொருந்திய கிண்ணம் இன்று தளர்ந்து உராயும். நம் நாட்டு வெயிலில் வியர்வை வேறு உள்ளே தேங்கும், கவனியாவிட்டால் புண்ணாகும். ஆகவே வேலையின் நடுவே அவர் ஓரிடத்தில் அமர்ந்து, காலைக் கழற்றித் துடைத்து, உறையை மாற்றிப் பூட்டிக்கொள்ளச் சிறிது நேரம் வேண்டும். அதனைச் சோம்பல் என்று மண்டோரும் உடன் வேலை செய்வோரும் எண்ணிவிடலாகாது.

காயமுற்றவர் என்றவுடன் காவல்காரர் நாற்காலியைக் காட்டுவது நம் வழக்கம். இரவெல்லாம் விழித்திருக்கும் அவ்வேலை இழிவானதன்று. எனினும் படையில் அவர் என்ன வேலை செய்தார் என்று யாராவது கேட்டோமா? லாரி இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டியவர் அவராக இருக்கலாம். ஸ்டோர் கணக்கு வைத்திருந்தவராகவோ, காயமுற்றோருக்குக் கட்டுப் போட்டவராகவோ, தகவல் தொடர்புக் கருவியை இயக்கியவராகவோ இருக்கலாம். தோட்டத்து ஸ்டோருக்கும், பட்டறைக்கும், மருந்தகத்திற்கும், எடை போடும் இடத்திற்கும் தேவைப்படும் திறமைகள் இவையே. இவ்வளவும் கற்றவரைக் கேட்டின் அருகே உட்கார வைப்பது நமக்கே நட்டம் என்போம்.

"கையில் சான்றிதழ் இல்லையே" என்று சிலர் தயங்குவதுண்டு. 2006ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கப்படுகின்றது. அனுபவத்தால் கற்ற தொழிலை மதிப்பிட்டுச் சான்றிதழ் அளிக்கும் வழியும் அதில் உண்டு. வகுப்பில் மீண்டும் உட்கார வேண்டியதில்லை. திறன் மேம்பாட்டுத் துறையை அணுகிக் கேட்கலாம். படையை விட்டு விலகுவோருக்குத் தொழிற்பயிற்சி அளிப்பதற்கென 1994இல் பெர்ஹெபாட் அமைக்கப்பட்டது. அது சுங்கை பூலோவில் இயங்குகின்றது.

உதவித் தொகை பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகின்றது. படையில் இருபத்தோராண்டுச் சேவை முடித்தால்தான் ஓய்வூதியம் என்பதைக் கேட்டு, மூன்றாம் ஆண்டில் காயமுற்றவர் தமக்கு ஒன்றும் கிடையாதென்று மனுச் செய்யாமலே இருந்துவிடுகின்றார். நீண்ட சேவைக்கான ஓய்வூதியம் வேறு, பணியினால் நேர்ந்த ஊனத்திற்கான உதவி வேறு. தற்காப்பு அமைச்சின் படைவீரர் விவகாரத் துறையில் இதனைத் தனியே விசாரிக்க வேண்டும். உடற்குறையுடையோருக்கான அடையாள அட்டைக்குச் சமூகநலத் துறையில் பதிந்துகொள்ளலாம். அரசாங்க வேலையில் நூற்றுக்கு ஒரு பங்கை இத்தகையோருக்கு ஒதுக்கும் சுற்றறிக்கை 1988லேயே வெளிவந்தது. அவர்களை வேலைக்கு அமர்த்தும் முதலாளிக்கு வருமான வரியில் கூடுதல் கழிவு அளிக்கும் ஆணையோ 1982ஆம் ஆண்டினது. தொழிற்சங்கத் தலைவர்கள் நிர்வாகியாரிடம் பேசும்போது இதனை நினைவூட்டலாம்.

இந்தப் பேச்சு படைவீரருக்கு மட்டுமென்று எண்ண வேண்டாம். உளி பட்டும், மரம் விழுந்தும், லாரி கவிழ்ந்தும் நம்மில் எத்தனையோ பேர் காயமுறுகின்றோம். அவ்வாறு நேர்ந்தால் உடனே கிராணியிடம் சொல்லிப் பதிய வைக்க வேண்டும். அறிந்த 48 மணி நேரத்திற்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். சொக்சோ 2007 முதல் காயமுற்ற தொழிலாளரை மீண்டும் வேலையில் அமர்த்தும் திட்டத்தை நடத்தி வருகின்றது. 2014இல் மலாக்காவில் அதற்கென மறுவாழ்வு நிலையமும் திறக்கப்பட்டது.

முடிவாக ஒரு வேண்டுகோள். உங்கள் லயத்தில் அத்தகைய இளைஞர் இருப்பின், அவருடைய விடுவிப்புக் கடிதம், மருத்துவக் குழுவின் அறிக்கை, சம்பளப் புத்தகம் ஆகியவற்றைத் தகரப் பெட்டியில் பூச்சி அரிக்காமல் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். எந்த அலுவலகத்திற்குச் சென்றாலும் முதலில் கேட்கப்படுவன அவையே. அவர் தனியே பேருந்து ஏறத் தயங்கினால், சம்பள நாளுக்கு மறுநாள் உங்களுள் ஒருவர் உடன் செல்லுங்கள்.