ஒரே கூடம்



1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. பின்னாளில், வெள்ளிதோறும் வந்த ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க, தவக்காலச் சிலுவைப்பாதை முடியுமுன் நழுவிய சிறுவர்களில் நாமும் உண்டு! தெருவுக்கு ஓரிரு பெட்டிகளே. அண்டை அயலார் அனைவரும் அந்த வீட்டுக் கூடத்தில். நிகழ்ச்சி முடிந்து பெட்டியை அணைத்தால், கூடியிருந்த குடும்பம் அங்கேயே செபமாலைக்கு முழந்தாளிடும்.

1993-இல் சன் டி.வி. வந்தது, சேனல்கள் பெருகின. ரிமோட்டுக்குச் சண்டையிடவாவது ஒரே கூடத்தில் இருக்க வேண்டியிருந்தது.

இன்று சேலையூர், பெருங்களத்தூர்ப் பக்கம் வீடு சந்திக்கப் போகிறோம். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு செல்பேசி, சிரிப்பும் தனித்தனியே. கூடத்தில் பாட்டியார் மட்டும் செபமாலை உருட்டிக்கொண்டிருக்கிறார்.