தரகருக்கு முன் நாம் சென்றாக வேண்டும்



2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, பூந்துறை, விழிஞ்ஞம், பொழியூர் தொடங்கி எல்லைக்கு அப்பால் நீரோடி, சின்னத்துறை, தூத்தூர் வரை உள்ள மீனவர்கள் பலர் கடலில் இருந்தனர். கரை திரும்பாதவர்களில் பலரது உடலும் கிடைக்கவில்லை. உடல் இல்லையேல் இறப்புச் சான்றிதழ் இல்லை; சான்றிதழ் இல்லையேல் நிவாரணமும் இல்லை, காப்பீடும் இல்லை. காணாமற்போனவரை இறந்தவராகக் கருத ஏழாண்டுகள் காத்திருக்க வேண்டும் என்றது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 108ஆம் பிரிவு. கடலோர மக்கள் திரண்டு குரல் எழுப்பினர். கேரள அரசு அந்த ஏழாண்டுக் காத்திருப்பைத் தளர்த்தி, காணாமற்போனோர் குடும்பங்களுக்கும் 20 லட்சம் ரூபாய் வழங்க முடிவெடுத்தது. மக்கள் ஒன்றுபட்டுக் கேட்டால் அரசின் நடைமுறையும் வழிவிடும் என்பதற்கு நம் கண்ணெதிரே உள்ள சான்று இது.

ஆனால் அரசு அறிவிக்கும் தொகை பாதிக்கப்பட்டவரின் கைக்குத் தானாக வந்து சேர்வதில்லை. கிராம அலுவலகத்திற்கும் குடிசைக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் தரகர் நுழைகிறார். 2023 பிப்ரவரியில் முதலமைச்சரின் பேரிடர் நிவாரண நிதி விண்ணப்பங்களை லஞ்ச ஒழிப்புத் துறை சோதித்தபோது, இடைத்தரகர்களின் கைவரிசை பல மாவட்டங்களில் வெளிப்பட்டது. 2018 வெள்ள நிவாரண நிதி எர்ணாகுளத்தில் கையாடப்பட்ட வழக்கில், அரசு ஊழியரோடு இடதுசாரி இயக்கத்தின் உள்ளூர்ப் பொறுப்பில் இருந்தவரும் குற்றம் சாட்டப்பட்டார். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. உதவ வருகிறவர் யாராயினும், எந்தக் கொடியின் கீழ் வந்தாலும், ஒரு ரூபாய் கூடப் பெறக் கூடாது. வெற்றுத் தாளில் கையொப்பமோ கைரேகையோ வாங்கக் கூடாது. வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் ஆதார் அட்டையையும் தம் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது. இந்த மூன்றையும் மக்களிடம் சொல்லுங்கள். முதலில் நாமே கடைப்பிடிப்போம்.

நேர்மையான உதவி எங்கே கிடைக்கும்? 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெருந்துயர், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்டோருக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை அளிக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை மறுத்தால், கட்டணம் ஏதுமின்றிக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். மொழியும் தடையாக வேண்டியதில்லை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுத இடமளிக்கிறது.

விண்ணப்பிக்கும் முறையிலும் கவனம் தேவை. துப்புரவுக்கு முன்பே சேதத்தைப் படம் எடுக்க வேண்டும். படகு, வலை, இயந்திரம், கால்நடை என இழந்தவற்றைத் தேதியிட்டுப் பட்டியலிட வேண்டும். 2018இல் வீட்டுச் சேதத்தை விழுக்காட்டின்படி பிரித்து, 10,000 ரூபாய் முதல் 4 லட்சம் வரை கேரள அரசு வழங்கியது. அளவிட வந்தவர் ஒரு படி குறைத்து எழுதினால் குடும்பம் இழப்பது லட்சத்தைத் தாண்டக் கூடும். ஆகவே மதிப்பீட்டு நாளில் நம் தோழர் ஒருவர் உடன் நிற்க வேண்டும். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு பெறாமல் திரும்பக் கூடாது. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, மேல்முறையீடு செய்ய வேண்டும். இறந்தவரின் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கப்பட்டிருந்தால், பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கக் கூடும். பல குடும்பங்கள் இதை அறியாமலே விட்டுவிடுகின்றன.

தோழர்களே, தனி மனுக்களால் தீராத கேள்வியும் ஒன்று உண்டு. 2024 ஜூலை 30 அன்று முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்தன. உயிர் தப்பியோருக்கு அரசு அளித்த 10,000 ரூபாயிலிருந்தே கடன் தவணையைப் பிடித்தது ஒரு வங்கி. எதிர்ப்பு எழுந்த பிறகே அந்தப் பணம் திரும்பியது. பேரிடரில் கடன் நிவாரணம் பரிந்துரைக்க வழிசெய்த, 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 13ஆம் பிரிவை ஒன்றிய அரசு 2025 திருத்தத்தின் மூலம் நீக்கிவிட்டது. வயநாட்டின் மறுவாழ்வுக்கு அது தந்த 529.50 கோடியும் மானியமன்று, கடன். பெருமுதலாளிகளின் கடனை வங்கிக் கணக்கிலிருந்து தள்ளி எழுதும் ஆட்சி, வீட்டையும் உறவையும் இழந்தவரிடம் தவணை கேட்கிறது. நிவாரணம் ஆள்வோரின் இரக்கமன்று, குடிமக்களின் உரிமை என்று நாம் சொல்வதன் பொருள் இங்கே விளங்கும்.

2018 வெள்ளத்தில் இதே கரையின் மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று, செங்ஙன்னூரிலும் ஆறன்முளையிலும் மக்களை மீட்டனர். அவர்களில் பலர் தாமாகவே புறப்பட்டனர். அவர்கள் வீட்டில் துயரம் நேர்கையில், மனுத்தாளோடு முதலில் வாசலில் நிற்பவர் நம் கிளைத் தோழராக இருக்க வேண்டும். ஒவ்வொரு கிளையும் விண்ணப்பம் எழுதத் தெரிந்த இருவரை, அடுத்த மழைக்காலத்திற்கு முன்பே பயிற்றுவிக்கட்டும். புயல் வந்த பிறகு கற்க நேரம் இராது.